பாரிட்டி: ‘ஈற்றெண்’ சரிப்படுமா?

> சூலகப் புற்றுநோய்க் கையேட்டில் பாரிட்டிக்கு (parity: ஒரு பெண்ணுக்கு எத்தனை முறை பிரசவம் ஆனது என்ற கணக்கு) ‘ஈற்றெண்’ என்று போட்டிருக்கிறேன். சுருக்கமாக இருக்கிறது. சரியாம்மா?

வணக்கம் அண்ணா.

சுருக்கம்தான், ஆனால் உறுத்துகிறது. ஈற்றெழுத்து என்றால் கடைசி எழுத்து; ஈற்றெண் என்றதும் போன் நம்பரின் கடைசி இலக்கம்தான் நினைவுக்கு வருகிறது. அப்புறம், செய்யாறு பக்கம் எங்கள் வீட்டில் ‘மூணாம் ஈத்து’ என்றால் மாடு. ‘ஈன்ற தாய்’ என்று எழுதுகிறோம், சரி. சென்னையில் ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் "உங்க ஈற்றெண் என்ன?" என்று என்னால் கேட்க முடியாது.

‘குழந்தைகள் எண்ணிக்கை’ அதைவிட மோசம். ஒருமுறை படிவத்தில் நானே அப்படி அச்சடித்தேன். ஒரே பிரசவத்தில் இரட்டைப் பிள்ளை பெற்றவர் 2 என்று எழுதினார். நிறைமாதத்தில் பிள்ளை இறந்தே பிறந்தவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். இரண்டு பேருக்குமே பாரிட்டி 1. கேஸ் ஷீட்டில் ‘ஜி3 பி2 எல்2 ஏ1’ என்று கிறுக்குகிறோமே, அதில் ‘ஜி’ கருத்தரித்த தடவைகள், ‘பி’ பாரிட்டி, ‘ஏ’ கருச்சிதைவு; ‘எல்’தான் உயிரோடிருக்கும் பிள்ளைகள், ‘பி’ வேறு.

இந்த வித்தியாசம் இங்கே முக்கியம். மாதாமாதம் முட்டை வெளிவரும்போது சூலகத்தின் மேற்பரப்பு கிழிந்து ஆறுகிறது, ஓயாமல் இப்படி நடப்பதே புற்றுக்கு வழி என்று 1971இல் எகிப்திய மருத்துவர் ஃபதல்லா சொன்னார். கர்ப்பத்தில் அதற்கு ஓய்வு; அதனால் எத்தனை பிள்ளை என்பதல்ல, எத்தனை பிரசவம் என்பதே இங்கே கணக்கு. கருத்தடை மாத்திரையிலும் அப்படித்தான்: 21 நாடுகளின் 45 ஆய்வுகளைத் திரட்டி 2008இல் பார்த்தபோது, 15 வருடம் மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

‘பேற்றெண்’ எப்படி? மகப்பேறு எல்லா ஆஸ்பத்திரிப் பலகையிலும் இருக்கிற சொல். கிராவிடிட்டிக்கு (எத்தனை முறை கருத்தரித்தார் என்ற கணக்கு) ‘கருத்தரிப்பெண்’ மட்டும் வேண்டாம். எண் காணாமல் போய் பெண் வந்து நிற்கிறாள்!

இன்னொன்று. ‘ஈற்றெண் கூடினால் நோயின் விளைவு நன்றாக இருக்கும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். நோய் வரும் வாய்ப்பு குறைவது வேறு, வந்தபின் எத்தனை காலம் வாழ்கிறார் என்பது வேறு. அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தார்கள், அறுவை சிகிச்சையில் கட்டியை எவ்வளவு எடுக்க முடிந்தது என்பவைதான். பாரிட்டி அதில் என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

> வரியை எடுத்துவிட்டேன். ஆனால் பேறு என்றால் பாக்கியம் என்றும் பொருளம்மா. பிள்ளை பெறாதவருக்குப் ‘பேற்றெண் 0’ என்று எழுதுவோமா?

அது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. ‘பிரசவ எண்ணிக்கை’ என்றே போடுங்கள். வடசொல் என்று குழுவில் நாலு பேர் திட்டுவார்கள். ஓ.பி.யில் யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.