புதுப்பிப்பு: கிராமத்துப் பள்ளிக்கே போகிறோம்

ஆசிரியர்களான நானும் கணவரும் நல்ல அரசுப் பள்ளி இருக்கும் கிராமப்பகுதிக்குக் குடிபெயரலாமா என்று கேட்டிருந்தேன். போகிறோம்!

"தேர்ச்சி விகிதத்தை விடுங்கள், ஆசிரியர்கள் அங்கே நிலைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் பெரிய உதவி. சின்னப் பள்ளியில் இரண்டு பிள்ளைகள் தவறினாலே விகிதம் சரிந்துவிடும். நாங்கள் பார்த்த பள்ளியில் ஆசிரியர்கள் பலர் வருடக்கணக்கில் இருக்கிறார்கள்.

அனுமதி வாங்கி வகுப்பில் உட்கார்ந்து பார்த்தோம். ஒரே அறையில் இரண்டு வகுப்புகள், ஒரே ஆசிரியர். பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனம் நிறைந்துவிட்டது. பாடத் தயாரிப்பு இரட்டிப்பாகும், அது தெரிந்தே போகிறேன்.

பழைய பணிமூப்பு (இதுவரை வேலை பார்த்த வருடங்கள்) கணக்கில் சேருமா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டோம். இதை யாரும் தவறவிடாதீர்கள். கணவருக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளி. வாடகை வீடுதான் இன்னும் அமையவில்லை.