பறவைகளைப் பற்றி நாங்கள் பகிர்ந்தவற்றை ஒரே தொகுப்பாக்குவது எப்படி?

மடையான்:
வணக்கம். பறவை நோக்கும் ஆர்வம் கொண்ட எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு ஆண்டுகளாகப் பேசியவை ஏராளம். ஆயினும் தேவைப்படும் நேரத்தில் எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. உட்கார்ந்திருக்கையில் மண் நிறமாகவும் எழுந்து பறக்கையில் வெள்ளையாகவும் தெரியும் கொக்கு எது என்று ஆண்டுதோறும் புதியவர் எவரேனும் கேட்கிறார். மூத்தவர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். இரண்டு நாளில் அந்த விளக்கம் மற்றச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அனைவரும் திருத்தக்கூடிய ஒரு தொகுப்பாக்க விரும்புகிறோம். எங்கே தொடங்குவது? ஊருக்கு ஊர் மாறும் பறவைப் பெயர்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஏரிக்கரை:
எல்லாப் பறவைகளுக்கும் பக்கம் திறந்துவிட்டுப் பிறகு நிரப்பலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். வெற்றுப் பக்கங்களைக் கண்டு ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார். நீங்கள் குறிப்பிட்ட கொக்கையே முதல் பக்கமாக எழுதுங்கள். மடையான், குருட்டுக்கொக்கு என்ற இரண்டு பெயர்களும், இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாக மாறுவதும், உண்ணிக்கொக்கிலிருந்து பிரித்தறியும் விதமும் அதில் இருந்தால் ஆண்டுதோறும் எழும் அந்தக் கேள்விக்கு நிலையான விடை கிடைத்துவிடும்.

பெயர்களில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முற்பட்டால் குழுவே பிளவுபடும். தமிழ்நாட்டில் பலர் செம்போத்து என்று சொல்லும் பறவையை இலங்கைத் தமிழர் செண்பகம் என்பார்கள். இரட்டைவால் குருவியும் கரிச்சானும் ஒன்றே. ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்ற ஒவ்வொரு பெயரிலிருந்தும் அப்பக்கத்துக்கு வழிமாற்று அமைத்து, எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் வழங்குகிறது என்பதையும் எழுதிவிடுங்கள். என் பார்வையில், வேறெங்கும் எளிதில் கிடைக்காத செல்வம் அந்த வட்டாரக் குறிப்புதான். அறிவியல் பெயரையும் சேர்க்க வேண்டும். ஆனால் அதுவும் மாறக்கூடியது. பெரிய வெண்கொக்கை எக்ரெட்டா பேரினத்தில் வைத்த பழைய நூல்கள் உண்டு, இன்று அது ஆர்டியா ஆல்பா. ஆகவே பழைய அறிவியல் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

கௌதாரி:
மென்பொருளைப் பொறுத்தவரை, சிறிய குழுவுக்கு டோக்குவிக்கி போதும். தரவுத்தளம் இல்லாமல் பக்கங்களை வெறும் உரைக்கோப்புகளாகவே சேமிப்பதால், வாரந்தோறும் அந்தக் கோப்புறையை இருவர் தனித்தனியே படியெடுத்து வைத்தாலே பெரும் பாதுகாப்பு. தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைத் தொடக்கத்திலேயே கவனியுங்கள். என் புனைபெயரில் உள்ள கௌ என்ற எழுத்தைப் பலர் 'கெ' என்றும் 'ள' என்றும் இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள், எனவே தேடல் பொய்த்துவிடும். கவுதாரி என்று எழுதுவோரும் உண்டு. இந்த வடிவங்களுக்கும் வழிமாற்று தேவை.

கழிமுகம்:
இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். குழுவில் ஒருவர் எழுதியதையோ எடுத்த படத்தையோ அவர் இசைவின்றித் தொகுப்பில் ஏற்றுவது முறையன்று. விக்கிப்பீடியா பின்பற்றும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை, அதாவது எழுதியவர் பெயரைச் சுட்டி அதே உரிமத்தில் எவரும் பகிரலாம் என்பதை, முதல் நாளே அனைவரிடமும் சொல்லி ஒப்புதல் பெறுங்கள்.

மற்றொன்று, நாள்வாரிக் கணக்கெடுப்புகளை இங்கே குவிக்க வேண்டாம். 2002இல் தொடங்கிய ஈபேர்டு தளம் அதற்கென்றே இருக்கிறது. 2015 முதல் நடந்துவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அங்குதான் பதிவாகின்றன. கூடு இருக்கும் இடத்தை மட்டும் எந்தப் பக்கத்திலும் துல்லியமாக எழுத விடாதீர்கள். படம் எடுக்க ஆட்கள் திரண்டால் தாய்ப்பறவை கூட்டையே கைவிடக்கூடும்.

மடையான்:
மூவருக்கும் நன்றி. குழுவில் இன்றே ஒப்புதல் கேட்டுவிட்டு, மடையான் பக்கத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை எழுதத் தொடங்குகிறோம். ஏரிக்கரை அவர்களே, உங்கள் பகுதியில் அந்தக் கொக்குக்கு வழங்கும் வேறு பெயர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள், உங்கள் பெயரைச் சுட்டிச் சேர்த்துக்கொள்கிறோம்.