ரசவாதம் மோசடியா, ரசாயனமா, ஞானமா? ஐரோப்பிய இலக்கியம் படித்தவர்கள் சொல்லுங்கள்

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்த மாதம் பென் ஜான்சனின் 'தி அல்கெமிஸ்ட்' நாடகம். 1610-இல் வந்தது. லண்டனில் கொள்ளைநோய் பரவ, வீட்டுக்காரர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். வேலைக்காரன் ஃபேஸ், சட்டில் என்கிற போலி ரசவாதி, டால் என்கிற பெண், மூன்று பேரும் அந்த வீட்டையே கடையாக்கி வருகிறவன் போகிறவனை எல்லாம் மொட்டையடிக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் மேற்கொண்டு தேடிப் படித்தால் வேறு பாட்டு பாடுகிறார்கள். ரசவாதம் என்றால் ஆன்மாவைப் பொன்னாக்குவதாம், ஈயம் என்பது அறியாமையாம், சூரியனை விழுங்கும் பச்சைச் சிங்கம் உள்மனமாம். உளவியலாளர் யுங் சொல்லிவிட்டார், முடிந்தது கதை. இன்னொரு பக்கம் நியூட்டனே அடுப்பு மூட்டினார் என்கிறார்கள். இதில் எதை நம்புவது? அடுத்த வாரம் நான்தான் பேச வேண்டும், கொஞ்சம் உதவுங்கள்.

செந்தூல்காரன்:

தங்கச்சி, மோசடிதான். ஜான்சனுக்கு இருநூறு வருடம் முன்னாலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதி வைத்துவிட்டார். கேன்டர்பரி கதைகளில் ஒரு ரசவாதியின் வேலையாள் பேசுவான். ஏழு வருடம் அடுப்பு ஊதியதில் சிவந்திருந்த முகம் ஈய நிறமாகிவிட்டது, காசும் போச்சு என்று புலம்புவான். பானை வெடித்துச் சிதறியதும் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம்: தீ வைத்தது சரியில்லை என்பான் ஒருவன், ஊதியது சரியில்லை என்பான் இன்னொருவன், கலவை பதமில்லை என்பான் மூன்றாமவன், பீச் மர விறகு போட்டிருக்க வேண்டும் என்பான் நான்காமவன். யாரும் 'இது ஆகாத வேலை' என்று மட்டும் சொல்ல மாட்டான்.

அப்புறம் அதே கதையில் ஒரு ரசவாதி ஒரு பாதிரியாரை ஏமாற்றும் கரித்துண்டு வித்தை. கரியில் துளை போட்டு, வெள்ளித்தூளை அடைத்து, மெழுகால் மூடி, மூசைக்கு (உலோகம் உருக்கும் கலம்) மேலே வைக்கிறான். சூட்டில் மெழுகு உருகி வெள்ளி உள்ளே இறங்குகிறது. பாதிரியார் வாயைப் பிளந்து 40 பவுண்டு கொடுத்துச் செய்முறையை வாங்கிக்கொண்டு போகிறார். இத்தாலியக் கவிஞர் தாந்தே இன்னும் ஒரு படி மேலே போய், தன் 'நரகம்' காவியத்தின் 29-ஆம் காண்டத்தில் ரசவாதிகளைச் சொறி பிடித்து உடம்பைப் பிறாண்டிக்கொண்டே கிடக்கும்படி விட்டுவிட்டார்.

ஜான்சனில் ஆய்வுக்கூடம் வெடித்துவிட்டது என்று சொல்லும்போது, பழி யார் மேல் விழுகிறது என்று கவனித்தீர்களா? பணம் போட்ட சர் எபிக்யூர் மேமன் என்ற பாத்திரத்தின் மேல்தான். நீ பெண்ணாசை கொண்டாய், அந்தப் பாவத்தால் எல்லாம் கெட்டது என்கிறார்கள், அவரும் தலையாட்டிக்கொண்டு போகிறார். என் சித்தப்பா இங்கே ஒரு தங்க முதலீட்டுத் திட்டத்தில் 20,000 ரிங்கிட் போட்டார். கடைசியில் வந்த பதில், 'நீங்களெல்லாம் அவசரப்பட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டதால்தான் குலைந்தது'. நானூறு வருடமாக ஒரே வசனம்.

பினாங்கு டீச்சர்:

நான் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், அந்தப் பக்கமிருந்து பேசுகிறேன். செந்தூல்காரன் சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் அது பாதிக் கதை. அந்தக் காலத்து ஆளின் கண்ணால் பாருங்கள். மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் இரும்பு ஆணியைப் போட்டால் சற்று நேரத்தில் செம்பு நிறம் படிந்துவிடுகிறது (படிவம் 4-இல் எல்லாரும் செய்திருப்பீர்கள்). செம்போடு துத்தநாகக் கனிமத்தைச் சேர்த்து உருக்கினால் பொன் நிறத்தில் பித்தளை. காரீயத் தாதுவில் பெரும்பாலும் கொஞ்சம் வெள்ளி கலந்திருக்கும், காரீயத்தை எரித்துத் தள்ளினால் அடியில் வெள்ளி மணி ஒன்று மிஞ்சும். இதையெல்லாம் பார்த்தவன் உலோகம் உலோகமாக மாறும் என்று நினைத்தால் அவனை முட்டாள் என்பீர்களா? 12-ஆம் நூற்றாண்டிலிருந்து அரபு நூல்கள் லத்தீனுக்கு வந்தன, அவற்றோடு எல்லா உலோகமும் கந்தகமும் பாதரசமும் சேர்ந்த கலவை என்ற கொள்கையும் வந்தது. கலவைதான் என்றால் அளவை மாற்றலாமே. கணக்கு சரியாகத்தான் இருந்தது, அடிப்படைதான் தப்பு.

இப்போது படங்கள். பசில் வாலன்டைன் பெயரில் 1599-இல் 'பன்னிரண்டு சாவிகள்' என்று ஒரு நூல் வந்தது (துறவி என்பார்கள், அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே சான்றில்லை). படங்களோடு வந்த பதிப்பில் முதல் சாவியைப் பாருங்கள்: நடுவில் ராஜாவும் ராணியும், ஒரு பக்கம் தீயில் வைத்த மூசையைத் தாண்டிப் பாயும் ஓநாய், மறுபக்கம் அரிவாளும் கட்டைக்காலுமாக ஒரு கிழவர். ராஜாவின் உடலைச் சாம்பல்நிற ஓநாய்க்குப் போடு, ஓநாயைத் தீயில் எரி, ராஜா மீண்டு வருவார், இதை மூன்று முறை செய் என்கிறது எழுத்து. ஏதோ மந்திரம் போல இருக்கிறதா? ஓநாய் என்பது அஞ்சனக்கல், நாம் மை செய்த அதே கல். ராஜா தங்கம். மாசுள்ள தங்கத்தை அஞ்சனக்கல்லோடு உருக்கினால், கல்லிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் பிடித்துக்கொண்டு மேலே மிதக்கும், தங்கம் அதே கல்லிலுள்ள ஆன்டிமனி என்ற பொருளோடு அடியில் போகும். பிறகு நன்றாகக் காற்றுப் பட எரித்தால் ஆன்டிமனி வெள்ளைப் புகையாகப் போய்விடும், சுத்தத் தங்கம் நிற்கும். இது அப்பட்டமான செய்முறை. லாரன்ஸ் பிரின்சிப்பே என்ற வரலாற்றாசிரியர், அவரே ரசாயன ஆய்வாளர், இப்படிப்பட்ட குறிப்புகளை ஆய்வுக்கூடத்தில் செய்தே பார்த்திருக்கிறார். இங்கே லிட்டில் இந்தியாவில் எனக்குப் பழக்கமான பத்தர் ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன், 'இதைத்தானே நாங்க ஆசிட் போட்டுப் பண்றோம்' என்றார், ஓநாயை ஏறிட்டும் பார்க்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி:

டீச்சர், அருமை. அந்தக் கிழவர் யார்? ஆன்மா விஷயம் எல்லாம் பின்னால் வந்த கட்டுக்கதை என்று சொல்லிவிடலாமா?

பட்டர்வொர்த் குமார்:

கிழவர் சனி, அதாவது காரீயம். அவர்கள் கணக்கில் சூரியன் பொன், சந்திரன் வெள்ளி, செவ்வாய் இரும்பு, சுக்கிரன் செம்பு, புதன் ரசம், வியாழன் வெள்ளீயம். நம் வீட்டில் சனிக்கு இரும்பு என்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த கோலாலம்பூரை, வியாழனால் எழுந்த ஊர் என்று வட்டத்தில் சொல்லிப் பாருங்கள், யாராவது சிரிப்பார்கள்.

கட்டுக்கதை என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று பொருள் நிறம் மாறுவதைச் சாவு, சுத்தி, உயிர்ப்பு என்றும், பரிசவேதிக் கல்லை (உலோகத்தைப் பொன்னாக்கும் என்று நம்பிய கல்) கிறிஸ்துவென்றும் இடைக்காலத்திலேயே எழுதினார்கள். 1616-இல் ஸ்ட்ராஸ்பர்கில் வந்த 'கிறிஸ்டியன் ரோசன்க்ராய்ட்ஸின் ரசாயனத் திருமணம்' முழுக்க ஒரு உருவகக் கதைதான், ராஜா ராணிகளின் தலையை வெட்டி மறுபடி உயிர் கொடுக்கிறார்கள். நம் தாயுமானவரும் ஐந்து உலோகத்தையும் வேதித்து விற்றுச் சாப்பிடலாம், மனத்தை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்கிறாரே, இரண்டையும் ஒரே மூச்சில். ஆனால் 'அடுப்பே கிடையாது, எல்லாம் உள்ளேதான்' என்கிற வாதம் புதுசு. 1850-இல் மேரி ஆன் அட்வுட் என்ற பெண்மணி அப்படி ஒரு நூல் எழுதினார், ரகசியத்தை அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து அவரும் அப்பாவும் பிரதிகளைத் திரும்ப வாங்கி எரித்தார்கள். யுங்கின் 'உளவியலும் ரசவாதமும்' 1944. யுங்கை யுங்குக்காகப் படியுங்கள், 1600-ஆம் வருடத்து ஆளைத் தெரிந்துகொள்ள அவரிடம் போகாதீர்கள்.

செந்தூல்காரன்:

சரி, தோற்றுவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். நியூட்டன்?

பினாங்கு டீச்சர்:

நியூட்டன் ரசவாதம் பற்றி எழுதியது ஏறத்தாழ பத்து லட்சம் சொல் இருக்கும். அவர் உயிரோடு இருந்தபோது அதில் ஒன்றும் அச்சாகவில்லை. 1936-இல் லண்டனில் ஏலம் போனபோது பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் நிறைய வாங்கி, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்குப் போகச் செய்தார். இந்தியானா பல்கலைக்கழகம் அந்தக் குறிப்புகளை இணையத்தில் போட்டிருக்கிறது, பாருங்கள், பச்சைச் சிங்கம் அதிலும் வரும், பக்கத்திலேயே எடை, சூடு என்று சோதனைக் குறிப்பும் வரும். இதே மனிதர்தான் 1696-இலிருந்து நாணயச்சாலையில் கள்ளநாணயக்காரர்களை வேட்டையாடினார்.

செந்தூல்காரனுக்கு இன்னொன்று. இங்கிலாந்தில் 1404-இலேயே ரசவாதத்தால் பொன்னையும் வெள்ளியையும் பெருக்குவது பெருங்குற்றம் என்று சட்டம் வந்தது. 1689-இல் அது நீக்கப்பட்டது, அதற்காக மெனக்கெட்டவர்களில் ஒருவர் ராபர்ட் பாயில், நீங்கள் பள்ளியில் படித்த அதே பாயில் விதிக்காரர். அவர் தங்கம் செய்ய முடியும் என்று நம்பியவர்.

வாசகி, நீங்கள் பேசும்போது ஜான்சனோடு சாசரின் அந்த வேலையாள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சின்னதுதான், ஒரே இரவில் முடித்துவிடலாம். முதல் சாவிப் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போங்கள், ஓநாய் எதுவென்று முதலில் அவர்களே சொல்லட்டும்.