"விடாமல் சாப்பிடுகிறேன்" என்கிறார்கள், மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது

ஃபார்ம்டி (மருந்தாளுநர் படிப்பு) மாணவி, புதுச்சேரி:
ப்ராஜெக்டுக்காகக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை நோயாளிகளிடம், மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று அளக்கும் மோரிஸ்கியின் 8 கேள்விகளைக் கேட்கிறேன். "மறக்கவே மாட்டேன் பாப்பா" என்ற அம்மாவின் அட்டையில் 10 மாத்திரையில் 7 பிரிக்காமலே இருந்தது. எப்படித்தான் கேட்பது?

மருந்துக்கடைக்காரர், வில்லியனூர்:
"மறந்தீர்களா" என்றால் பரீட்சை மாதிரி, யார் ஒத்துக்கொள்வார்? "ஆடி வெள்ளிக்கு விரதம் உண்டா, அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வீர்கள்" என்று கேட்டுப் பாருங்கள், தானாகக் கொட்டுவார்கள். க்ளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயக்கமே வரலாம், அதனால் அவர்கள் பயந்து அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடுவதை அறியாமை என்று எழுதிவிடாதீர்கள். விரத நாளை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லாததுதான் தப்பு. ரம்ஜான் நோன்புக்கும் இதேதான்.

கடலூர்க்காரன்:
எங்கள் அப்பா விடியற்காலை 3 மணிக்குப் படகில் ஏறுவார். "காலைச் சாப்பாட்டுக்குப் பின்" என்றால் அவருக்கு எது காலை? மாத்திரை சூடு என்று வேறு பாதி நாள் நிறுத்திவிடுவார்.

பழைய மாணவர்:
அந்த 8 கேள்விகளுக்கு உரிமம் வாங்க வேண்டும், கைடிடம் கேட்டீர்களா? அப்புறம், நம் ஊர் மட்டும் இப்படியில்லை; வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால மருந்தைச் சரியாக எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

ஃபார்ம்டி மாணவி:
உரிமமா! சரி, நாளைக்கே கைடைப் பார்க்கிறேன். விரதக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன் அண்ணா.