பீரோ சாவி யாரிடம்? பள்ளி நூலகத்தில் நாங்கள் கண்டவை

திருநகரிலிருந்து ஒரு முன்னாள் மாணவர்:

1991 முதல் 1996 வரை சோழவந்தான் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் படித்தேன். தலைமையாசிரியர் அறையில், உலக உருண்டைக்கும் சுருட்டி வைத்த தேசப்படங்களுக்கும் நடுவே நின்ற இரண்டு இரும்பு பீரோக்களே எங்கள் நூலகம். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நேராக ‘நூலகம்’ என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த வேளையில் கணக்கு ஆசிரியர் வந்து, விட்டுப்போன பயிற்சிகளை முடித்துக்கொள்வார். சாவி பொறுப்பாசிரியரிடம் இருக்கிறது என்பார்கள். அவரைக் கேட்டால், அதிகாரி ஆய்வுக்கு வரும்போது திறந்தால் போதும் என்பார்.

ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஓர் ஆய்வுக்கு முந்தைய நாள், புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்க நான்கு பேரை அழைத்தார்கள், நானும் ஒருவன். கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டையின் நெடி மூக்கில் ஏறியது. கீழ்த்தட்டில் இருந்த ஒரு புத்தகத்தைப் பூச்சி துளைத்திருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது: அட்டையில் விழுந்த ஓட்டை அத்தனை பக்கங்களையும் கடந்து மறுபுறம் வெளிச்சம் தெரியும்படி நேராகப் போயிருந்தது. அந்தப் பூச்சிக்கு இராமபாணம் என்று பெயர் வைத்தவர், ஏழு மராமரங்களைத் துளைத்த அம்பை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். மேல்தட்டுப் புத்தகங்களுக்கு அந்தச் சேதம்கூட இல்லை. விரித்தால் முதுகில் பசை நொறுங்கியது. பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் ஒரு தேதியும் இல்லை.

வானியல் பற்றிய மெல்லிய நூல் ஒன்றைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். நான்கே நாளில் படித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் சிக்கல் புரிந்தது: எடுப்பதற்கு மட்டுமல்ல, திருப்பி வைப்பதற்கும் சாவி வேண்டும்.

மதுரை நகரிலிருந்து ஒரு தாயார்:

என் மகள் படிக்கும் பள்ளியில் நூலகத்துக்குத் தனி அறையும் முழுநேர நூலகரும் உண்டு. எனவே என் அனுபவம் வேறு வகையானது. ஏழாம் வகுப்பில் பெரியாறு அணை பற்றி எழுதி வரச் சொன்னபோது, நூலகர் ஒரு பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ, “உனக்கு அணை வேண்டுமா, அதனால் பிழைத்த ஊர் வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறார். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி பகுப்பு முறையில் அணை கட்டும் பொறியியல் 627ஆம் எண்ணிலும், தமிழகத்தின் வரலாறு 954.82ஆம் எண்ணிலும் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கும் என்பதையும், புத்தகம் முழுவதையும் புரட்டாமல் கடைசியில் உள்ள சொல்லடைவில் பென்னிகுயிக் என்ற பெயரைப் பார்த்து அந்தப் பக்கங்களுக்கு மட்டும் போகலாம் என்பதையும் அவர் காட்டிக்கொடுத்தார். 1895இல் அந்த அணை திறக்கப்பட்டதை எந்தக் கைப்பேசியும் சொல்லிவிடும். மலைக்கு மேற்கே ஓடிய நீரைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியதற்கான வரைபடத்தை அவள் அந்த அறையில்தான் கண்டாள். எனக்கு ஒரு குறை உண்டு: குறிப்புதவி நூல்களை வீட்டுக்குத் தருவதில்லை, மதிய இடைவேளையோ சாப்பிடுவதற்கே போதவில்லை.

திருமங்கலம் வட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை:

முதலில் எழுதிய ஐயா பொறுப்பாசிரியரைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நான் பொறுப்பேற்ற நாளில், இருப்புப் பதிவேட்டில் பதிவாகியும் பீரோவில் இல்லாத புத்தகங்களுக்கு உரிய தொகையை, ஓய்வு பெறவிருந்த முந்தைய ஆசிரியர் தம் கைக்காசிலிருந்து கட்டுவதைப் பார்த்தேன். அதைப் பார்த்தவர் யாரும் சாவியை எளிதில் கொடுக்கமாட்டார். நானும் ஓராண்டு பூட்டியே வைத்திருந்தேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நான் முதல் விதியிலேயே தோற்றவள்.

பிறகு எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவரிடம் வழங்கல் பதிவேட்டை ஒப்படைத்தேன். தேதி, புத்தக எண், பெயர், வகுப்பு, கையொப்பம், திரும்பிய நாள் எனக் கோடு போட்டது அவர்களே. என்னைவிட அவர்கள் கண்டிப்பானவர்கள்; முனை மடங்கிய பக்கத்துக்குக்கூட விசாரணை நடக்கும். தொலைத்தவரிடம் பணம் வாங்காமல் அதே புத்தகத்தையோ அதற்கு ஈடானதையோ கேட்டோம். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது, ஒரு மாணவியின் தந்தை வேலை முடிந்து பேருந்து பிடித்துப் போய் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தார்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறு நூல்கள் வந்தபோது, அவற்றைப் பீரோவில் வைக்காமல் வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தொடர்ந்து ‘நுழை’ நூல்களையே எடுத்தான். தம்பிக்கு என்றான். அவனுக்குத் தம்பி இல்லை என்பது எனக்குத் தெரியும். பதிவேட்டை வைத்திருந்த மாணவிக்கும் தெரியும். நாங்கள் இருவரும் கேட்கவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவன் ‘நட’ நூல் ஒன்றை எடுத்தான். அதையும் தம்பிக்கு என்றே எழுதச் சொன்னான்.

மீண்டும் திருநகரிலிருந்து:

ஆசிரியை எழுதியதைப் படித்த பிறகு, அந்த வானியல் நூலைத் தேடி எடுத்தேன். தலைப்புப் பக்கத்தில் பள்ளி முத்திரைக்குக் கீழே, சிவப்பு மையில் 417. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக யார் கைக்காசு போயிற்றோ என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் நினைத்ததில்லை. வரும் திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன். புத்தகத்தை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன்.