மறு: மறு: ‘சல்பேட்-ஃப்ரீ’ சாம்புவுக்குத் தமிழ்

எல்லாருக்கும் வணக்கமுங்க. சாம்புப் புட்டியில் போடுகிற ‘சல்பேட்-ஃப்ரீ’ என்பதைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று நம் மடற்குழுவில் நடக்கிற பேச்சுக்கு என் பதில் இது. நண்பர்கள் எழுதியதை மேற்கோளாகக் கொடுத்திருக்கிறேன்.

> ‘சல்பேட்டற்ற குழற்கழுவி’ என்று வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

அய்யா கோவித்துக்கொள்ளக் கூடாது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற சாம்புவைக் குழற்கழுவி என்று கேட்டால் கடைக்காரர் பாத்திரம் விளக்குகிற பிரஷ்ஷை எடுத்துத் தருவார். சாம்பு சாம்புவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். என் வழக்கு முன்னால் நிற்கிற ‘சல்பேட்டற்ற’ மேல்தான்.

சின்ன நிறுவனங்களுக்கு லேபிள் வாசகம் தமிழில் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு என்று இங்கே பலருக்குத் தெரியும். போன மாதம் ஒரு சாம்பு லேபிளுக்கு ‘சல்பேட் இல்லாதது’ என்றுதான் நானும் எழுதினேன். அதை முதலில் படித்தவர் எங்கள் அண்ணன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. “ஏம்மணி, மரத்துக்கு மெக்னீசியம் சல்பேட் வெச்சாத்தான் மட்டை பழுக்காம இருக்குது. தலைக்கு மட்டும் ஆகாதா?” என்றார். நான் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் சல்பேட் என்றால் உரக்கடைச் சொல்.

இன்னும் மோசம், அண்ணன் மகள் செய்தது. பல்லடத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைமுடியை ப்ளீச் பண்ணிச் சாயம் ஏற்றி, ஸ்மூத்தனிங்கும் செய்து, இப்போது தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று அழுகை. வீட்டில் போர்த்தண்ணிதான். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்தாள். “அத்தை, தண்ணியிலேயே சல்பேட் இருக்குன்னு போட்டிருக்கு. அப்புறம் சல்பேட் இல்லாத சாம்பு வாங்கி என்ன பிரயோசனம்?” பள்ளிக்கூடத்தில் நாம் எல்லாரும் படித்ததுதான்: கால்சியம், மெக்னீசியத்தின் குளோரைடும் சல்பேட்டும் கரைந்திருந்தால் நிரந்தரக் கடினத்தன்மை. அந்தப் பாடத்தை மறக்காதவளைத்தான் நம் சொல் குழப்பியிருக்கிறது.

சாம்பு விவகாரத்தில் சொல்லப்படுகிற சல்பேட் வேறு. சோடியம் லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் என்கிற மூலக்கூறுகளுக்குப் பன்னிரண்டு கரிம அணு நீளத்தில் எண்ணெயோடு ஒட்டுகிற வால். தண்ணீரோடு ஒட்டுகிற தலையில் ஒரு சல்பேட். உரத்துக்கும் அதற்கும் தலைப்பெழுத்து மட்டும்தான் ஒன்று. ஆக, இல்லாதது சல்பேட் அல்ல, அந்த வகையைச் சேர்ந்த ஒரு பொருள். அந்தப் பொருளுக்குப் பொதுப்பெயர் சொல்லாமல் அடைமொழியை மட்டும் தமிழாக்கினால் இப்படித்தான் ஆகும்.

> அந்தப் பொதுப்பெயர்தான் ‘நுரைப்பி’ ஆயிற்றே?

ஆகாதுங்க. எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) சனிக்கிழமையானால் உடம்பெல்லாம் நல்லெண்ணெய் வழிய உட்காரவைத்து, உசிலை இலை அரைத்த அரப்பைத்தான் தேய்த்துவிடுவார். கொழகொழவென்று இருக்கும், பச்சை வாசம் அடிக்கும், கண்ணில் பட்டால் ஊரே கேட்கக் கத்துவோம். நுரை என்று பார்த்தால் பேருக்குத்தான். எண்ணெய் மட்டும் சொட்டு மிச்சமில்லாமல் போய்விடும். அமுச்சி அதற்குச் சொன்ன சொல் “பிசுக்கு எடுக்கிறது”. நமக்கு வேண்டிய வினை இதுதான். பாருங்கள், தலை சம்பந்தப்பட்ட வேலைக்கெல்லாம் நாம் ‘எடு’ என்றுதான் சொல்கிறோம்: வகிடெடுக்கிறோம், சிக்கெடுக்கிறோம், பேனெடுக்கிறோம். அதனால் ‘பிசுக்கெடுப்பி’ என்று வைத்து, லேபிளில் ‘சல்பேட் வகைப் பிசுக்கெடுப்பி சேர்க்காதது’ என்று போடலாம். வேதியியல் கட்டுரைக்குப் ‘பரப்புச் செயலி’ (ஆங்கிலத்தில் சர்ஃபாக்டன்ட்) இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படி எழுதினால் இன்னொரு லாபம். சல்பேட்டுக்குப் பதில் ஓலிஃபின் சல்பொனேட்டைப் போட்டுவிட்டு ‘ஃப்ரீ’ என்று விற்கிற புட்டிகள் நிறைய. பெயரில்தான் சல்பேட் இல்லை. பிசுக்கை உரித்தெடுப்பதில் அது ஒன்றும் இளைத்ததல்ல. கோகோயில் ஐசெதியோனேட், டெசில் குளுக்கோசைடு போன்றவைதான் நிஜமாகவே சாதுவானவை. ‘எந்தப் பிசுக்கெடுப்பி?’ என்று கேட்க ஒரு சொல் கிடைத்துவிட்டால், வாங்குகிறவர் புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்.

சரி, பல்லடத்துக்கு வருகிறேன். அவள் முடிக்குச் சாதுவான சாம்பு மட்டும் போதாது. போன ஞாயிறு அவளுக்காக ஒரு சோதனை செய்து காட்டினேன். ஒரு பாட்டிலில் நான் கோவையிலிருந்து கொண்டுபோன சிறுவாணித் தண்ணி, இன்னொன்றில் அவள் வீட்டுப் போர்த்தண்ணி. இரண்டிலும் துணி சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினோம். சிறுவாணி கழுத்து வரை நுரைத்தது. போர்த்தண்ணி திரிந்த பாலாகி, வெள்ளைத் திப்பியாக மேலே மிதந்தது. அடுத்து, அவள் தூக்கிப் போட்டிருந்த பழைய சல்பேட் சாம்பு. இரண்டும் நுரைத்தன! 1930களில் செயற்கைச் சாம்புகள் வந்தபோது அவற்றின் பெருமையே இதுதான், கடின நீரிலும் திப்பி கட்டாது என்பது. குற்றவாளிக் கூண்டில் நிற்கிற சல்பேட்டுக்குச் சாதகமாக ஒரு சாட்சி.

திப்பி கட்டாவிட்டாலும் கால்சியம் எங்கும் போய்விடுவதில்லை. ப்ளீச் பண்ணும்போது முடியின் கந்தகப் பிணைப்புகள் உடைந்து எதிர்மின் இடங்கள் உண்டாகின்றன. நேர்மின் கால்சியத்துக்கு அது விரித்த பாய். அதனால் கெட்டுப்போன முடிதான் கூடுதலாகச் சுண்ணம் பிடிக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 600. அவள் வீட்டு அறிக்கை அந்த 600-ஐயும் தாண்டியிருந்தது. ஷவரின் பாதி ஓட்டைகள் அடைத்துப்போய்த் தண்ணீர் கோணல்மாணலாக அடிக்கிறது. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாகப் பொருக்கு உதிர்கிறது.

இதற்கு வேண்டியது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு போகிற சாம்பு. ஈடிடிஏ, தவிட்டிலிருந்து எடுக்கிற பைட்டிக் அமிலம் இப்படி ஏதாவது சேர்த்தது. பாடநூலில் இந்த வேலைக்குக் ‘கொடுக்கிணைப்பு’ என்கிறார்கள், நண்டுக் கொடுக்கால் கவ்வுகிற மாதிரி. அருமையான சொல். ஆனால் ‘கொடுக்குச் சாம்பு’ என்றதும் அவள் கேட்டது: “கொட்டுமா அத்தை?”

என் முன்மொழிவு ‘காறை’. சுவரில் பூசினால் சுண்ணாம்புக் காறை, பல்லில் படிந்தால் பற்காறை. இரண்டும் கால்சியம்தான். குழாயிலும் ஷவரிலும் படிவது நீர்க்காறை, தலையில் ஏறினால் முடிக்காறை. அதைப் போக்குவது காறையெடுக்கும் சாம்பு, அதில் சேர்கிற பொருள் காறையெடுப்பி. பல் டாக்டரிடம் போய்வந்த யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

> முடியில் கால்சியம் சுவர்ப்பூச்சு மாதிரிப் பொருக்காக மட்டும் நிற்பதில்லை, அயனியாக உள்ளேயும் பிணைந்திருக்கும். காறை என்பது பிழையான படம் இல்லையா? ‘உப்பெடுப்பி’ மேல் அல்லவா?

இந்த மடல் இப்போதுதான் வந்தது. முதல் பாதி சரிங்க, ஒப்புக்கொள்கிறேன். அயனி பற்றிப் பேசுகிற இடத்தில் கொடுக்கிணைப்பியே இருக்கட்டும். ஆனால் உப்பெடுப்பி வேண்டாம். நாம் உப்புத்தண்ணி, சப்பைத்தண்ணி என்று எல்லாவற்றையும் ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். உப்புக் கரிப்பது வேறு, கடினம் வேறு. போதாக்குறைக்கு, சாம்பு கெட்டியாக இருக்கச் சாப்பாட்டு உப்பையே சேர்ப்பதும் உண்டு. உப்பெடுப்பி என்று முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் சோடியம் குளோரைடு என்று அச்சடித்தால் அண்ணன் மறுபடி போன் செய்வார்.

வெள்ளிக்கிழமை லேபிள் அச்சுக்குப் போகிறது. ‘சல்பேட் வகைப் பிசுக்கெடுப்பி சேர்க்காதது. காறையெடுப்பி சேர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், பிறகு கண்டிஷனர் போடவும்.’ இடம் இரண்டே கால் அங்குலம். ‘காறையெடுப்பி’யில் சந்தி பார்த்துச் சொல்கிறவர்கள் வியாழன் மாலைக்குள் சொல்லிவிடுங்கள்.