'அனுப்பியாயிற்று' என்றது லாக், மடல் மட்டும் யாருக்கும் வரவில்லை

எங்கள் முன்னாள் மாணவர் மடலாடற்குழுவை, அதற்கான மென்பொருளான மெயில்மேன் 2.1-இல் நான் பராமரித்து வந்தேன். மாதாந்தரக் கூட்ட அறிவிப்பு தானாகவே போகட்டும் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்தேன். முதல் மாதம் ஒழுங்காகப் போனது. இரண்டாம் மாதம் எவருக்கும் கிடைக்கவில்லை. பவுன்ஸ் ஆகி, அதாவது சேர்க்க முடியவில்லை என்ற அறிவிப்பாகத் திரும்பவும் இல்லை, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மடல்களிலும் அது இல்லை. சர்வரில் மடல்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸின் லாகிலோ (பதிவேட்டிலோ), மடலை மெயில்மேனிடம் ஒப்படைத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்று இருந்தது. அந்தச் சொல்லை, உறுப்பினர்களுக்கே போய்விட்டது என்று நான் புரிந்துகொண்டு, இரண்டு நாள், இணையப் பெயர்களுக்கான டிஎன்எஸ் பதிவுகளையும், நம் பெயரில் எந்த சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்று அதில் சொல்லும் எஸ்பிஎஃப் வரியையும் குடைந்துகொண்டிருந்தேன். வாசலைத் தாண்டாத மடலுக்கு ஊரெல்லாம் வழி விசாரித்த கதைதான்.

மூன்றாம் நாள்தான் மெயில்மேனுக்கென்று 'வெட்' என்ற தனி லாக் இருப்பது நினைவுக்கு வந்தது. மடல் கைவிடப்பட்டது என்று, அதன் மெசேஜ்-ஐடியுடன் (மடலின் தனி அடையாளம்) ஒரே ஒரு வரி அதில் இருந்தது. ஸ்கிரிப்ட் அனுப்பிய கோப்பைத் திறந்து, செய்தியை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள விவர வரிகளான ஹெடர்களை மட்டும் மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். 'எக்ஸ்-பீன்தேர்' என்ற வரியில் எங்கள் குழுவின் முகவரியே உட்கார்ந்திருந்தது! இரண்டாம் மாதத்திலிருந்து, குழு வழியாக எனக்கு வந்த முதல் மாதப் பிரதியை அப்படியே மாதிரியாக வைத்து, தேதியையும் செய்தியையும் மட்டும் மாற்றும்படி எழுதியிருந்தேன். தன் வழியாகப் போகும் மடல்களில் மெயில்மேன் சேர்க்கும் முத்திரை அந்த வரி. அதே முத்திரையோடு மடல் மறுபடி உள்ளே வந்தால், குழுவுக்கே திரும்பத் திரும்ப வரும் சுழலில் சிக்கியது என்று முடிவுகட்டி ஓசையின்றி எறிந்துவிடும். பவுன்ஸ் அனுப்பினால் அதுவே இன்னொரு சுழலைக் கிளப்பக்கூடும் என்பதால், இந்த மௌனத்தைக் குறை சொல்லத் தோன்றவில்லை. பழைய ஹெடர்களை உதறிவிட்டு, மெசேஜ்-ஐடியையும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும்படி மாற்றியதும் சரியாயிற்று.

மறுமொழி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு; மடல் குழுவுக்குள் வந்தது, உறுப்பினர் பலரைச் சேரவில்லை. மடலை எழுதியவரின் டொமைனில் (முகவரியில் @-க்குப் பின்னுள்ள பெயர்), சரிபார்ப்பில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கை 'ரிஜெக்ட்' (மறுத்துவிடு) என்று இருந்தது. எங்கள் குழுவோ பொருள் வரியின் முன்னால் குழுப்பெயரையும் மடலின் அடியில் ஒரு குறிப்பையும் ஒட்டி அனுப்பியதால், மடல் வழியில் மாறவில்லை என்று காட்டும் அவருடைய டிகிம் கையொப்பம் முறிந்தது. எஸ்பிஎஃப் தேறினாலும் அது எங்கள் சர்வரின் டொமைனுக்குத்தான் தேறியதே தவிர, 'ஃப்ரம்' வரியில் இருந்த அவருடைய டொமைனுக்கு அல்ல. ஆகவே பெறுநர்களின் சர்வர்கள் மடலை மறுத்தன. அவர் நாள் தவறாமல் எழுதுபவர். ஒவ்வொரு மறுப்பும் பெற வேண்டியவரின் பவுன்ஸ் கணக்கில் ஏறி, இயல்பு வரம்பான 5-ஐத் தொட்டதும், ஒன்றுமே எழுதாதவர்களுக்கெல்லாம் மடல் நிறுத்தப்பட்டது. எழுதியவர் ஒருவர், தண்டனை வேறொருவருக்கு!

2014 ஏப்ரலில் மின்னஞ்சல் சேவைகளான யாஹூவும் ஏஓஎல்லும் இக்கொள்கைக்கு மாறியபோது பல மடலாடற்குழுக்கள் பட்ட பாடு இதுவே. அதையடுத்து வந்த மெயில்மேன் 2.1.18-இல் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு; அதில் 'மஞ்ச் ஃப்ரம்' என்பதைத் தேர்ந்தால், அத்தகைய டொமைன்களிலிருந்து வரும் மடல்களின் 'ஃப்ரம்' வரியில் குழுவின் முகவரி இடம்பெறும். எழுதியவரின் முகவரி பின்னுக்குப் போவது எனக்கு இன்றும் உவப்பில்லை. இருந்தும் அதையே தேர்ந்தேன். நிறுத்தப்பட்ட இருபத்து மூன்று பேருக்கும் மடல் மீண்டும் போகும்படி ஒவ்வொருவராகக் கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது.